பாலிஷ் தேய்ப்பதும் மெழுகு பூசுவதும்: கார் பளபளப்பின் அடுக்குகள்

கார் வைத்திருப்பவர்கள் ‘பாலிஷ் போட்டேன்’, ‘வாக்ஸ் போட்டேன்’ என்று இரண்டு வேலைக்கும் ஒரே வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். சட்டை போடுவது போல, பூட்டுப் போடுவது போல, காரின் மேல் எதையோ கூடுதலாக ஏற்றுகிறோம் என்று அந்தச் சொல் நம்மை நினைக்க வைத்துவிடுகிறது. மெழுகைப் பொறுத்தவரை அது சரி. மெழுகு பூசப்படுகிறது, மேலேயே தங்குகிறது. பாலிஷ் அப்படியல்ல. அது தேய்த்து எடுக்கிற பொருள். வேலை முடிந்ததும் துடைத்து எறியப்படுவது. வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறவர் கல்லின் மேல் எதையும் பூசுவதில்லை. கல்லில் கொஞ்சத்தை இழந்துதான் ஒளியை வாங்குகிறார். காரின் பெயின்ட்டும் அதே கணக்குதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் வீணடித்திருக்கிறேன். கறுப்பு நிறக் கார். மெழுகை ஒரு சுற்று பூசித் துடைத்தேன், போதவில்லை என்று தோன்றியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சுற்று. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. இருட்டிய பிறகு விளக்கடியில் கொண்டுபோய் நிறுத்தினால், பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய கீறல்கள், காலையில் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நான்கு அடுக்கு மெழுகுக்கு அடியில் அவை பத்திரமாக இருந்தன.

ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் பெயின்ட் என்று நாம் சொல்வது என்ன என்று பார்க்க வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் அது ஒரே பூச்சு அல்ல. உலோகத்தின் மேல் துருவைத் தடுக்கும் ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியாக நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு மேல்பூச்சு. இதைத்தான் கிளியர் கோட் என்கிறார்கள். நிறப் பூச்சு மட்டும் அடித்து முடித்த நிலையில் ஒரு காரைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். மங்கி, உயிரற்றுத் தெரியும். பளபளப்பு முழுவதும் கிளியர் கோட்டின் வேலை. கீறல் விழுவதும் அதில்தான், பாலிஷ் தேய்ப்பதும் அதில்தான், மெழுகு ஒட்டுவதும் அதில்தான்.

அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, காரின் அழகு மொத்தமும் ஒரு தலைமுடியைவிட மெல்லிய தோலில் இருக்கிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவரும் சித்திரமும் இந்த ஒரே தோல்தான். இந்த அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் பலவற்றை நீங்களே ஊகித்துவிடலாம்.

காற்றில்லாத நேரத்தில் குளத்து நீர் வானத்தை அப்படியே காட்டும். லேசாகக் காற்றடித்தால் அதே நீர், அதே வானம், ஆனால் பிம்பம் உடைந்துவிடும். வழுவழுப்பான பரப்பில் விழும் ஒளிக்கதிர்கள் ஒழுங்காக ஒரே பக்கம் திரும்புகின்றன. கண் அதைப் பளபளப்பு என்கிறது. மேடுபள்ளம் இருந்தால் கதிர்கள் மூலைக்கு ஒன்றாகச் சிதறுகின்றன; கண் அதை மங்கல் என்கிறது. பளபளப்பு என்பது இவ்வளவுதான். அது ஒரு பொருளல்ல, டப்பாவில் அடைத்து விற்கக்கூடியதும் அல்ல. பரப்பு சமமாக இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

அந்தச் சமத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். தூசியில் இருக்கும் நுண்மணல் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினமானது. துணிக்கு அடியில் சிக்கி அது இழுபடும்போது ஒவ்வொரு துடைப்புக்கும் பத்து, இருபது கோடுகள் விழுகின்றன. பல ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தவைதான் விளக்கடியில் தெரியும் அந்த வலை. வேடிக்கை என்னவென்றால், கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும்தான் ஓடுகின்றன. ஆனால் விளக்கிலிருந்து வரும் ஒளிக்குக் குறுக்கே கிடக்கும் கீறல்கள் மட்டுமே அந்த ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை மறைந்து நிற்கின்றன. அதனால் விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகப் பின்னியது போலத் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இதே அளவு கீறல்கள் உண்டு. பின்னணி வெளிச்சமாக இருப்பதால் தெரிவதில்லை. கறுப்பு எதையும் மன்னிப்பதில்லை.

தேய்ப்பதற்கு முன்

கழுவிய கார் சுத்தமான கார் அல்ல. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிக் காய்ந்த பானெட்டின் மேல் மெதுவாகத் தடவுங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடம் பைக்குள்ளிருந்து தடவும்போது உப்புத்தாள் போல நறநறக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள், மரப் பிசின், சாலைத் தார் எல்லாம் கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஷாம்பூவுக்கு அவை அசையாது. இதற்கென்றே பிசைந்த களிமண் போன்ற ஒரு கட்டி கிடைக்கிறது. கிளே பார் என்று கேட்டால் தருவார்கள். பரப்பை ஷாம்பூ நீரால் தாராளமாக நனைத்து, அந்தக் கட்டியை அழுத்தாமல் வழுக்கவிட்டால் ஒட்டியவற்றை அது கவ்விக்கொண்டு வந்துவிடும். இரும்புத் துகளுக்குத் தனியாக ஒரு திரவமும் உண்டு. இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகி வழியும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, கார் ரத்தம் சிந்துகிறதோ என்று தோன்றும்.

களிமண் கட்டி கைதவறித் தரையில் விழுந்துவிட்டால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள். தரை மணலைக் கவ்விய கட்டி, கீறல் போடும் கருவியாக மாறிவிட்டது. தயங்காமல் தூக்கி எறியுங்கள்.

பாலிஷ்

பாலிஷ் என்பது அரம் போலத் தேய்த்தெடுக்கும் மிக நுண்ணிய துகள்களை, அதாவது அரத்துகள்களை, எண்ணெய்ப் பசையில் கலந்து செய்தது. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. தச்சர் முதலில் முரட்டு உப்புத்தாளையும் பிறகு நைசான தாளையும் எடுப்பது போல இதிலும் படிகள் உண்டு. முரட்டுத்தனமானதைக் காம்பவுண்டு என்றும் நைசானதைப் பாலிஷ் என்றும் பொதுவாகச் சொல்கிறோம். சில வகைகளில் தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் உடைந்து இன்னும் சிறிதாகும். முரடாகத் தொடங்கி நைசாக முடிப்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அவற்றைப் பாதியில் நிறுத்தினால் முரட்டுக் கோடுகள் அப்படியே நின்றுவிடும்.

பாலிஷ் கீறலை நிரப்பவில்லை, அழிக்கவும் இல்லை. கீறலைச் சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது. பள்ளத்தை மூடாமல் ஊரையே பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது போல. ஆகவே ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போகிறது, போனது திரும்பாது. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அந்தக் கீறல் பாலிஷுக்கு மிஞ்சிய ஆழம் என்று விட்டுவிடுவதே நல்லது. அதன் ஓரங்களை மழுங்கச் செய்து கண்ணுக்குக் குறைவாகத் தெரியவைக்கலாம். முழுக்க எடுக்க முயன்றால் நிறப் பூச்சை எட்டிவிடும் அபாயம் உண்டு. அப்புறம் அந்தப் பாகத்துக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

கையால் தேய்க்கலாம். சிறிய இடத்துக்குக் கை போதும். முழுக் காருக்கும் என்றால் இயந்திரம் தேவைப்படும். அதில் இரண்டு வகை. ஒன்று ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் நின்றால் சூடேற்றி கிளியர் கோட்டைக் கருக்கிவிடும். இன்னொன்று சுழன்றுகொண்டே அங்குமிங்கும் ஆடுவது. மெதுவானது, ஆனால் தவறைப் பொறுத்துக்கொள்ளும். புதியவர்கள் இரண்டாவதைத்தான் தொட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வேலையை முழு பானெட்டில் தொடங்காதீர்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இருப்பதிலேயே நைசான பாலிஷ், இயந்திரத்தின் முனையில் மாட்டும் மிருதுவான நுரைப் பேட் இரண்டோடும் முயன்று பாருங்கள். பேடில் நகக்கண் அளவில் மூன்று, நான்கு சொட்டு போதும். இயந்திரத்தை ஓடவிடுவதற்கு முன் பேடால் அந்தச் சதுரம் முழுவதும் தொட்டுப் பரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும். பிறகு மெதுவாக, ஒரு கோடு முந்தைய கோட்டைப் பாதி மூடும்படி, முதலில் இடம் வலமாக, அடுத்து மேல் கீழாக, நான்கைந்து சுற்று. துடைத்துவிட்டு ஒரு டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் அதே சேர்க்கையில் கார் முழுவதும் செய்யலாம். போகவில்லை என்றால் மட்டும் பேடையோ பாலிஷையோ ஒரு படி முரடாக்குங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முரட்டுக் காம்பவுண்டில் தொடங்கிவிட்டு, அது போட்ட கோடுகளை எடுக்க இன்னும் இரண்டு சுற்று தேய்க்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிய தோலில்!

கதவின் விளிம்பு, உடலில் ஓடும் கூரான மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கும். அங்கே நாடா ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். வெயிலில் வேண்டாம். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் பரப்பில்தான் பாலிஷ் காயாமல் வேலை செய்யும். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயின்ட்டாக இருந்தால் பேடில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். பதற வேண்டாம், அங்கே நிறமும் மேல்பூச்சும் ஒன்றேதான். மேட் பெயின்ட் அடித்த காராக இருந்தால் பாலிஷும் வேண்டாம், சாதாரண மெழுகும் வேண்டாம். அதன் அழகே ஒளியைச் சிதறடிப்பதில் இருக்கிறது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நிற்கும், திருத்தவும் முடியாது.

நடுவில் ஒரு துடைப்பு

பாலிஷ் முடிந்ததும் கார் கண்ணைப் பறிக்கும். அதை அப்படியே நம்பாதீர்கள். பசையில் இருந்த எண்ணெய் கீறல்களில் இறங்கி அவற்றைத் தற்காலிகமாக மறைத்திருக்கும். இரண்டு கழுவலில் அது போய்விட, கீறல் திரும்பி வந்து நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து ஒரு முறை துடைத்தால் எண்ணெய் அகன்று உண்மை நிலை தெரியும். அடுத்து, மெழுகைப் போலவே மேலே தங்கிக் காக்கும் செயற்கை சீலன்ட் பூசப்போகிறீர்கள் என்றால் இந்தத் துடைப்பைத் தவிர்க்கவே கூடாது. எண்ணெய்ப் பரப்பில் அது பிடிக்காது.

கிளேஸ் என்று ஒன்றும் விற்கிறார்கள். கீறலைத் தேய்க்காமல் எண்ணெயால் நிரப்பி மறைப்பது அது. ஒரு நாள் நிகழ்ச்சிக்குக் காரை அலங்கரிக்கப் பயன்படும். மற்றபடி எனக்கு அதில் ஆர்வமில்லை.

மெழுகு

கார் மெழுகுகளில் பேர்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை வகை, வறண்ட காலத்தில் ஈரம் போய்விடாமல் இருக்கத் தன் ஓலை மேல் சுரந்துகொள்ளும் மெழுகு அது. ஓலைகளை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். இயற்கை மெழுகுகளில் இதைப் போல் கடினமானது வேறில்லை எனலாம். 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தூய வடிவில் கல் போல இருப்பதால் கையால் பூசவே முடியாது. கரைப்பான், தேன்மெழுகு, எண்ணெய் எல்லாம் சேர்த்து இளக்கித்தான் டப்பாவில் வருகிறது. எனவே டப்பாவின் மேல் தூய கார்னாபா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பது அத்தனையும் அதுதான் என்று எண்ண வேண்டாம்.

பூசித் துடைத்த பிறகு பரப்பில் மிஞ்சும் மெழுகின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியும் கீறல் ஒன்றை அது மூடிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண் என்பது இப்போது விளங்கும். அதன் பணி வேறு. தண்ணீரை உருண்டு ஓடவிடுகிறது, அழுக்கை எளிதில் ஒட்டவிடுவதில்லை, துணி வழுக்கிச் செல்ல உதவுகிறது, அடர்நிறக் கார்களில் நனைந்தது போன்ற ஓர் ஆழத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே சமமாக்கப்பட்ட பரப்பில்தான் அந்த ஆழம் தெரியும். தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து ‘என்ன பளபளப்பு!’ என்று மகிழ்கிறவர்கள் உண்டு. கீறல் நிறைந்த, மங்கிய பானெட்டில் மெழுகு பூசினாலும் தண்ணீர் அப்படித்தான் நிற்கும்.

பூசும்போது மெல்லிசாக, பரப்பு லேசாக மூடுபனி படிந்தது போலத் தெரியும் அளவுக்கு மட்டும். தடியாகப் பூசினால் மிச்சமெல்லாம் துணியோடுதான் போகப்போகிறது. துடைக்கும் பாடுதான் அதிகம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு விரலால் கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், ஈஷினால் காத்திருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் சொரசொரப்பில் புகுந்து வெள்ளையாகக் காயும் மெழுகை எடுப்பது, காருக்கு மெழுகு பூசுவதைவிடப் பெரிய வேலை.

சரி, எத்தனை அடுக்கு?

இரண்டு. முதல் சுற்றில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில இடங்கள் தவறிப்போகும். சில இடங்களில் துடைக்கும்போது மெழுகு மொத்தமாக வந்துவிடும். இரண்டாவது சுற்று அந்த ஓட்டைகளை அடைக்கிறது. சில மணி நேரமோ ஒரு நாளோ இடைவெளி விட்டுப் பூசினால், முதல் அடுக்கின் கரைப்பான் ஆவியாகி அது இறுகியிருக்கும். மூன்றாவதில் பலன் பெரும்பாலும் மனத்துக்குத்தான். புதிதாகப் பூசும் மெழுகில் உள்ள கரைப்பான், கீழே இருக்கும் மெழுகைக் கொஞ்சம் இளக்கும். துடைக்கும்போது புதியதோடு பழையதும் சேர்ந்து வரும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றுவது போலத்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சுத்தப்படுத்தவும் செய்யும், மெழுகும் பூசும் என்று ஒரே புட்டியில் வரும் பொருள்களில் அரத்துகளோ, பழைய பூச்சைக் கரைக்கும் வேதிப்பொருளோ கலந்திருக்கும். அவசரத்துக்கு நல்ல பொருள்தான். ஆனால் அதை அடுக்கவே முடியாது. இரண்டாவது சுற்று முதல் சுற்றை எடுத்துவிட்டுத் தன்னை வைத்துக்கொள்ளும். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் வைத்திருந்தது அப்படிப்பட்ட புட்டி என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கீழே இருந்ததாக நான் நம்பிய நான்கு அடுக்கும் உண்மையில் ஒன்றே ஒன்று. சந்தேகம் இருந்தால் பழைய குறுந்தகடு ஒன்றின் பளபளப்பான பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அரத்துகள் இருக்கிறது.

சீலன்ட், மெழுகு இரண்டையும் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு வரிசை முக்கியம். செயற்கைப் பாலிமரால் ஆன சீலன்ட் வெறும் கிளியர் கோட்டைத் தொட்டால்தான் பிடிக்கும். எனவே அது கீழே. புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் வரை அது இறுக விட்டு, அதன் மேல் மெழுகு. சீலன்ட் பல மாதம் காக்கும். சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை தாங்கும் மெழுகு, தோற்றத்தைக் கவனித்துக்கொள்ளும். மாற்றிச் செய்தால், மெழுகு போகும் நாளில் அதன் முதுகில் ஏறியிருந்த சீலன்ட்டும் போய்விடும். செராமிக் கோட்டிங் செய்த கார் என்றால் மேலே மெழுகு வேண்டியதில்லை. கோட்டிங்குக்கே அதைவிட நன்றாகத் தண்ணீரையும் அழுக்கையும் உதறத் தெரியும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தில் மட்டும் உடனே எதையும் பூசாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வாரங்கள் பிடிக்கும். எத்தனை வாரம் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்த காரை மறுநாளே உலர்ந்த துணியால் துடைத்தால் வலை மறுபடி பின்னத் தொடங்கிவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். கார் கழுவும் கையுறையை அழுக்கோடு ஷாம்பூவில் முக்காமல், முதலில் வெறும் நீரில் அலசிவிட்டு முக்குங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் மெழுகைப் பெரிதும் அரித்துவிடும், அது வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் முழுக் காரையும் பாலிஷ் தேய்க்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு பாலிஷில் இல்லை, கழுவும் முறையில் இருக்கிறது.

மெழுகு தீர்ந்துவிட்டதா என்று தண்ணீரை ஊற்றிப் பார்த்துச் சொல்லலாம் என்பார்கள். உருண்டு ஓடாமல் தட்டையாகப் பரவினால் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்வார்கள். அவசரப்பட வேண்டாம். மெழுகின் மேல் அழுக்குப் படலம் படிந்திருந்தாலும் தண்ணீர் அப்படித்தான் பரவும். முதலில் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவுங்கள். மறுபடி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். இப்போதும் பரவினால் டப்பாவைத் திறக்கலாம்.